வேன் மேல் என்ன எழுதுவது: திருட்டுக்குப் பிறகு என் ஈகோவில் செய்த வேலைகள்

கோயம்புத்தூர் கணபதியில் மோட்டார் வைண்டிங், போர்வெல் பம்ப் சர்வீஸ் செய்கிறேன். வண்டி 2017 மாடல் மாருதி ஈகோ கார்கோ, பெட்ரோல், மஞ்சள் போர்டு. இந்த வருஷ எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) முடிந்து வந்துவிட்டது. அதற்கு முன் வேனின் எழுத்தை மாற்றி, பூட்டு முதல் வயரிங் வரை செய்த வேலைகளும் ஒரு மழைக்காலத்தைத் தாங்கிவிட்டன. சர்வீஸ் வேன் வைத்திருக்கும் நண்பர்கள் பலர் கேட்டதால், எது வேலை செய்தது, எது செய்யவில்லை என்று செலவுக் கணக்கோடு எழுதுகிறேன்.

வேலைக்குக் காரணம் ஒரு திருட்டு. ராத்திரியில் பின் கதவுப் பூட்டை நெம்பி, ஒரு காயில் சப்மெர்சிபிள் ஃப்ளாட் கேபிளையும் டிரில் மெஷினையும் எடுத்துப் போய்விட்டார்கள். 17 ஆயிரம் ரூபாய்ச் சரக்கு. அன்னூர் பக்கமெல்லாம் மோட்டார் ஆயிரம் அடிக்குக் கீழே தொங்குகிறது. ஒரு போருக்கே 300 மீட்டருக்கு மேல் கேபிள் வேண்டும், அதனால் வேனில் எப்போதும் செம்பு இருக்கும். அது ஊருக்கே தெரியும்படி இரண்டு பக்கமும் நான்தான் எழுதி வைத்திருந்தேன்: ‘காப்பர் வைண்டிங் வயர், சப்மெர்சிபிள் கேபிள் விற்பனை & சர்வீஸ்’. கீழே வீட்டு முகவரி கதவு எண்ணோடு. அதற்கும் கீழே செல் நம்பர்.

ஸ்டேஷனில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். (புகாருக்கான ரசீது) வாங்கியபோது, பொருள் வண்டிக்குள்ளிருந்து போனது என்பதைத் தெளிவாக எழுதச் சொன்னார் வக்கீல் நண்பர். 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் சட்டத்தின் 305ஆம் பிரிவில், வண்டியைத் திருடுவதும் வண்டியிலிருந்து பொருளைத் திருடுவதும் தனியாகச் சொல்லப்பட்டிருக்கின்றன. ஏழு வருஷம் வரை தண்டனை. வண்டி இன்சூரன்ஸில் உள்ளே இருந்த கேபிளுக்கும் கருவிக்கும் ஒரு ரூபாய்கூட வராது, அது வண்டிக்கும் அதில் பொருத்திய உபகரணத்துக்கும் மட்டும்தான்.

எல்லா எழுத்தையும் அழித்துவிட்டு வெள்ளை வேனாகவே ஓட்டிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. இரண்டு காரணத்தால் அதை விட்டேன். மஞ்சள் போர்டு சரக்கு வண்டியில் உரிமையாளர் பெயர், முகவரி, வெற்று எடை, மொத்த எடை எல்லாம் இடது பக்கம் எழுதித்தான் எஃப்.சி.க்குப் போக வேண்டும், முழு மொட்டையாக விட முடியாது. அதைவிடப் பெரிய காரணம், எழுத்தில்லாத வெள்ளை ஈகோ நம் ஊரில் தெருவுக்கு நான்கு நிற்கிறது. பால், கூரியர், கேட்டரிங் எல்லாம் அதுதான். அப்படி ஒரு வண்டி காணாமல் போனால் எதிரே வந்தாலும் யாருக்கும் அடையாளம் தெரியாது. எழுத்து வண்டியைக் காப்பாற்றுகிறது, உள்ளே இருக்கும் பொருளைக் காட்டிக்கொடுக்கிறது. ஆகவே பொருளைச் சொல்லாத, ஆனால் வண்டியை எங்கே பார்த்தாலும் சொல்லிவிடக்கூடிய எழுத்து வேண்டும் என்று முடிவு செய்தேன்.

பழைய ஸ்டிக்கரை எடுத்தது

வைண்டிங் பட்டறையில் ஸ்லீவ் சுருக்க வைத்திருக்கும் ஹாட் ஏர் கன்னையே பயன்படுத்தினேன். நடு வெயிலில் வண்டியை நிறுத்தி, தகடு தொட்டால் சுடும் அளவுக்கு வந்த பிறகு மூலையிலிருந்து சூடு காட்டிக்கொண்டே, கூடியவரை தகட்டோடு ஒட்டிப் பின்னால் மடித்து இழுக்க வேண்டும். செங்குத்தாக இழுத்தால் கிழிகிறது. வலது பக்கம் வெயில் அதிகம் வாங்கிய பக்கம், அங்கே வினைல் காய்ந்து அப்பளம் போல நொறுங்கியது. பழைய ஏ.டி.எம். கார்டை வைத்துத் துண்டு துண்டாகத் தள்ளி எடுத்தேன். இரும்பு ஸ்க்ரேப்பர் வேண்டாம், பெயிண்டில் கோடு விழும்.

மிச்சமிருந்த பசைக்கு ஒரு மூலையில் தின்னர் தொட்டுப் பார்த்தேன். முன்பு டிங்கரிங் செய்து மறுபடி பெயிண்ட் அடித்த இடம் அது, உடனே மங்கிவிட்டது. அங்கேயே நிறுத்திவிட்டு மண்ணெண்ணெய்க்கு மாறினேன். துணியில் நனைத்துப் பசை மேல் போட்டு, ஊறியதும் துடைத்தால் உருண்டு வந்துவிடுகிறது. பிறகு சோப்புத் தண்ணீர். நேரம் பிடிக்கும், ஆனால் பெயிண்டுக்குச் சேதமில்லை.

பசையெல்லாம் போன பிறகும் பழைய எழுத்து அப்படியே தெரிந்தது. சுற்றியிருந்த பெயிண்ட் வெயிலில் பழுப்பேறியிருக்க, எழுத்துக்குக் கீழே இருந்தது மட்டும் புது வெள்ளையாக நின்றது. ரப்பிங் காம்பவுண்ட், மேலே பாலிஷ் போட்டுத் தேய்த்தும் பக்கத்தில் நின்று சாய்வாகப் பார்த்தால் ‘காப்பர்’ என்று படிக்க முடிகிறது. இந்த இடத்தில்தான் என் திட்டம் மாறியது. எனக்கே கழற்றுவதற்கு இவ்வளவு கஷ்டமாக இருப்பதுதான் திருடனுக்கும் கஷ்டம். சூடு காட்டினால் உரிந்துவரும் ஸ்டிக்கர் கடைக்கு விளம்பரம், அவ்வளவுதான். வண்டிக்கு அடையாளம் வேண்டுமென்றால் தகட்டோடு சேர்ந்த எழுத்தாக இருக்க வேண்டும்.

புதிய எழுத்து

இடையில் காந்த போர்டு ஒன்றைச் சோதித்தேன். பகலில் ஒட்டி ராத்திரியில் எடுத்து வைத்துவிடலாம் என்ற எண்ணம். ஈகோவின் பக்கத் தகட்டில் மடிப்புக் கோடுகள் ஓடுகின்றன, காந்தத் தாள் அந்த இடத்தில் தூக்கிக்கொண்டு நிற்கிறது. அவிநாசி ரோட்டில் கொஞ்சம் வேகம் எடுத்ததும் ஓரம் படபடத்தது. பின்னால் வரும் பைக்காரர் மேல் பறந்து விழுந்தால் என்ன ஆவது என்று வீட்டுக்கு வந்ததும் கழற்றிவிட்டேன். தட்டையான கதவுள்ள வண்டிக்கு அது சரிப்படலாம்.

பக்கவாட்டுக்கு நீல நிறக் கட்டிங் வினைல். ஒரு பக்கத்துக்கு 6 அடிக்கு 2 அடி, இரண்டு பக்கமும் சேர்த்து 24 சதுர அடி, சதுர அடி 110 ரூபாய் வீதம் 2,640. எழுதியது கடையின் பெயர், ‘மோட்டார் ரிப்பேர்’, செல் நம்பர். காப்பர், கேபிள், விற்பனை எதுவும் இல்லை. வாடிக்கையாளருக்குத் தோட்டத்துக்கு வந்து மோட்டாரைத் தூக்கிச் சரிசெய்ய ஆள் வேண்டும், அது தெரிந்தால் போதும்.

ஸ்டிக்கர் கடையில் தமிழ் எழுத்துக்குக் கவனிக்க வேண்டிய ஒன்று புள்ளி. பழைய ஸ்டிக்கரில் ‘மோட்டார்’ என்பதில் இருந்த புள்ளிகள்தான் முதலில் போயின. வாட்டர் வாஷில் பிரஷர் தண்ணீர் பட்டதும் சின்ன வட்டம் ஓரத்தில் தூக்கி, அடுத்த வாஷில் காணாமல் போகும். நான்கு அங்குல எழுத்துக்கு ஃபான்டில் வரும் புள்ளி அரை அங்குலம்கூட இல்லை. இந்த முறை கம்ப்யூட்டரிலேயே புள்ளிகளை மட்டும் தேர்ந்தெடுத்து 18 மில்லிமீட்டருக்குப் பெரிதாக்கி, எழுத்தின் தலையோடு தொட்டுக்கொண்டிருக்கும்படி இறக்கச் சொன்னேன். எழுத்தும் புள்ளியும் ஒரே துண்டாக வெட்டி வந்தன. மழைக்காலம் முடிந்தும் ஒன்றுகூட உதிரவில்லை.

இன்னொன்று, சறுக்குக் கதவு. ஈகோவில் கதவைத் திறந்தால் அது பின் பக்கத் தகட்டின் மேல் போய் நிற்கும். தோட்டத்தில் வேலை நடக்கும்போது கதவு பெரும்பாலும் திறந்தே இருக்கும், பின் தகட்டில் நம்பரை எழுதியிருந்தால் அந்த நேரமெல்லாம் மறைந்திருக்கும். நம்பரைக் கதவிலேயே போட்டேன், கடைப் பெயர் பின் தகட்டில். கதவு இடுக்கின் மேல் எந்த எழுத்தும் வராமல் முன்பே மாஸ்கிங் டேப்பில் அளவு குறித்துக்கொண்டேன். பக்கத்தில் ஓடும் மஞ்சள் ரிஃப்ளெக்டர் டேப்பின் மேலும் எழுத்து ஏறக் கூடாது, எஃப்.சி.யில் கேட்பார்கள்.

பின் கதவுக்கும் கூரைக்கும் பெயிண்டர் அண்ணனை வரவைத்தேன். லாரிகளுக்கு எழுதியே நாற்பது வருஷம் ஓட்டியவர். வந்ததும் கேட்டார்:

“ஏனுங் தம்பி, ஸ்டிக்கர் போட்டா அரை மணி நேரத்துல முடிஞ்சுருமேங்க, எதுக்குப் பெயிண்டு?”

“கழட்டறதுக்கும் அதே அரை மணி நேரந்தானுங்ணா. கழட்ட முடியாத மாதிரி வேணுங்.”

“அப்பொ சும்மா மேல எழுதக் கூடாதுங். வாட்டர் பேப்பர் போட்டுத் தேச்சுப்புட்டு எழுதுனாத்தான் பிடிக்கும். அப்புறம் சுரண்டுனாலும் தடம் போகாது பாருங்க.”

600 நம்பர் வாட்டர் பேப்பரில் எழுத்து வரும் இடத்தை மட்டும் மேட்டாகத் தேய்த்தார். சாக்பீஸ் தடவிய நூலைச் சுண்டிக் கோடு போட்டு, தட்டை பிரஷ்ஷை இடது முழங்கை மேல் தாங்கி எழுதினார். கோடு நடுங்கவே இல்லை. கூரையில் வண்டி எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களும் கடைப் பெயரின் முதலெழுத்தும், ஒவ்வொன்றும் ஒன்றரை அடி உயரம், கருநீலம். மேம்பாலத்திலிருந்தும் மாடியிலிருந்தும் படிக்க முடிகிறது. பெயிண்டும் கூலியும் சேர்த்து 3,500. இந்த வேலையில் எனக்கு மிகவும் திருப்தி தந்த செலவு இதுதான். இப்படி எழுதும் கைகள் ஊரில் குறைந்துகொண்டே வருகின்றன. அவர் இருக்கும்போதே எழுதி வாங்கியதில் சந்தோஷம்.

வண்டியின் அடிப்படை நிறத்தை மாற்றவில்லை. நிறம் மாறினால் ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும்.

எஃப்.சி.க்கான உரிமையாளர் விவரத்தை ஒரு அங்குல எழுத்தில் இடது பக்கம் கீழே எழுதினோம். சாலையைக் கடக்கும்போது படிக்க முடியாது, பக்கத்தில் வந்து குனிந்தால் தெரியும். செல் நம்பரையும் மாற்றினேன். யுபிஐ, பேங்க் ஓ.டி.பி. வரும் நம்பரை வேனில் எழுதி ஊரெல்லாம் ஓட்டக் கூடாது, இது வேலைக்கென்றே எடுத்த தனி சிம். ‘மோட்டார் ஓடலைங்க, வண்டி இப்ப எங்க இருக்கு, எப்பத் திரும்புவீங்க’ என்று தெரியாத ஆள் கேட்டால் இடத்தையும் நேரத்தையும் சொல்லக் கூடாது, தோட்டத்தின் லொகேஷனை வாங்கிக்கொண்டு நாமே திரும்பக் கூப்பிட வேண்டும். பையன்கள் இருவருக்கும் இதைப் பழக்கிவிட்டேன்.

பெட்டி

பின் கதவைத் திறந்தாலும் உள்ளே கைக்கு ஒன்றும் கிடைக்கக் கூடாது. 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் இரும்புப் பெட்டி செய்தோம். 3 மி.மீ. தகட்டில் செய்தால் தகடு மட்டுமே 60 கிலோவைத் தாண்டும், வண்டி தினமும் வீணாக அதைச் சுமக்க வேண்டும். 2 மி.மீ. தகட்டில் 42 கிலோ வந்தது. மூடி ஓரத்தில் 25க்கு 25 ஆங்கிள் வைத்ததால் கடப்பாரை நுழைய இடுக்கு இல்லை, கீல் உள்பக்கம். கூலியோடு 6,800.

தரையில் துளை போடும் முன் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தே ஆக வேண்டும். பெட்ரோல் டேங்க், பெட்ரோல் பைப், பிரேக் பைப் எல்லாம் அங்கேதான் ஓடுகின்றன. மேலிருந்து குறித்த இடங்களில் ஒன்று பைப்புக்கு நேர் மேலே வந்தது, அதை நான்கு அங்குலம் தள்ளினேன். எம்10 போல்ட் நான்கு, அடியில் அகலமான பட்டை வைத்து நட்டு, போல்ட் தலை பெட்டிக்குள். பெட்டி பூட்டியிருந்தால் போல்ட்டைத் தொட முடியாது. அடியிலிருந்து நட்டைக் கழற்றாமலிருக்க முறுக்கிய பின் போல்ட் முனையைச் சுத்தியால் அடித்துப் பரப்பிவிட்டேன். துளை ஓரங்களுக்கு ரெட் ஆக்சைடு தடவவில்லை என்றால் ஒரு மழையிலேயே துரு பிடிக்கும்.

பூட்டுக்குத் திண்டுக்கல் லீவர் பூட்டு இரண்டு, 1,300 ரூபாய். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பூட்டு அது, கையால் செய்தது, எடையைக் கையில் வாங்கினாலே தெரியும். வளையம் வெளியே நீட்டாதபடி பூட்டைச் சுற்றி 5 மி.மீ. பட்டையில் ஒரு கூடு வெல்டிங் செய்தேன். சாவி நுழையும், போல்ட் கட்டர் நுழையாது. டிரில், கிரைண்டர், மெகர் (இன்சுலேஷன் சோதிக்கும் மீட்டர்) எல்லாவற்றிலும் என்கிரேவர் பேனாவால் கடையின் பெயரைப் பொறித்தேன். கண்ணாடிகளின் கீழ் மூலையில் சேஸிஸ் நம்பரின் கடைசி இலக்கங்களையும் அதே பேனாவால்.

பெட்ரோல் பம்ப் சுவிட்ச்

வண்டியையே ஓட்டிக்கொண்டு போவதைத் தடுக்க ஒரு மறைவு சுவிட்ச். சாவியை ஆன் செய்ததும் டேங்கிலிருந்து ‘ம்ம்ம்’ என்று இரண்டு நொடி சத்தம் வந்து நிற்குமே, அதுதான் பெட்ரோல் பம்ப். அந்த இரண்டு நொடி மட்டும் 12 வோல்ட் காட்டும் வயரை மல்டிமீட்டரில் தேடிப் பிடித்தேன். முதலில், பம்புக்குக் கரன்ட்டை விடும் ரிலேயின் காயில் பக்கம் சுவிட்ச் கொடுத்தேன், கரன்ட் குறைவு, சின்ன சுவிட்ச்சே போதும் என்று. செக் இன்ஜின் விளக்கு எரிந்தது. அதை எடுத்துவிட்டு, ரிலேவிலிருந்து பம்புக்குப் போகும் வயரிலேயே 15 ஆம்பியர் டாகிள் சுவிட்ச் வைத்தேன். கிளாம்ப் மீட்டரில் பம்ப் எடுப்பது 5 ஆம்பியர் சொச்சம்தான். ஃப்யூஸ் இருந்த இடத்திலேயே இருக்கிறது, அதற்குப் பின்னால்தான் சுவிட்ச். கம்பெனி வயரின் நிறத்திலேயே 1.5 சதுர மி.மீ. வயர், கிரிம்ப், ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ், மேலே துணி டேப். பார்த்தால் புது வேலை என்று தெரியாது. மொத்தம் 380 ரூபாய்.

சுவிட்ச் ஆஃபில் இருக்கும்போது ஸ்டார்ட் செய்தால் இன்ஜின் உடனே பிடித்துவிடுகிறது. லைனில் மிச்சமிருக்கும் பெட்ரோல் அழுத்தம் அது. சில நொடியில் திணறி அணையும். அதன் பிறகு எவ்வளவு செல்ஃப் அடித்தாலும் வராது. திருடன் தெருவில் வைத்துப் பார்த்தால் பழுதான வண்டி என்றுதான் நினைப்பான். எங்கே வைத்தேன் என்பதை எழுதப் போவதில்லை, ஆனால் இரண்டு விஷயம் கட்டாயம்: வண்டி ஓடும்போது முழங்காலோ மூட்டையோ பட்டு ஆஃப் ஆகும் இடம் கூடவே கூடாது, நடு ரோட்டில் இன்ஜின் அணைந்தால் உயிருக்கே ஆபத்து. தண்ணீர் தெறிக்கும் இடமும் ஆகாது. வாரண்டி இருக்கும் வண்டியில் இதைச் செய்ய வேண்டாம்.

ஈகோவுக்கு இன்னொரு திருட்டும் உண்டு, சைலன்சர். அதிலுள்ள, புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரில் பல்லாடியம், பிளாட்டினம், ரோடியம் இருப்பதால் குஜராத், மகாராஷ்டிரா பக்கம் ஈகோ சைலன்சரை மட்டும் கழற்றிக்கொண்டு போகும் கும்பல்கள் பல பிடிபட்டிருக்கின்றன. வண்டி உயரம் என்பதால் ஜாக்கி வைக்காமலே அடியில் நுழைந்துவிடலாம். 10 மி.மீ. கம்பியில் ஒரு கூண்டு செய்து, கன்வெர்ட்டரிலிருந்து 30 மி.மீ. இடைவெளி விட்டுக் குறுக்குச் சட்டத்தில் கிளாம்ப் போட்டேன். 1,100 ரூபாய். கூண்டை வெளியே வைத்து வெல்டிங் செய்துகொண்டு வருவதே நல்லது. வண்டியிலேயே பற்ற வைக்க வேண்டியிருந்தால் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டுத்தான், இல்லையென்றால் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் ஈ.சி.எம். போய்விடும்.

கடைசியாக ஜி.பி.எஸ்., 2,800 ரூபாய், சிம் ரீசார்ஜ் தனி. வண்டி நிற்கும்போது அது 40 மில்லி ஆம்பியர் எடுக்கிறது, ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 1 ஆம்பியர் ஹவர். 35 ஆம்பியர் ஹவர் பேட்டரி. பொங்கலுக்குப் பத்து நாள் வண்டியை எடுக்காமல் விட்டால் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாக அதுவே தின்றுவிடும், பழைய பேட்டரி என்றால் செல்ஃப் அடிக்காது. நடுவில் ஒரு தடவையாவது ஸ்டார்ட் செய்து ஓட விடுகிறேன். ஏ.ஆர்.ஏ.ஐ. (புனேயிலுள்ள வாகனச் சோதனை நிறுவனம்) அங்கீகாரம் பெற்ற திருட்டுத் தடுப்புக் கருவிக்கு, இன்சூரன்ஸில் நம் வண்டிச் சேதத்துக்கான ஓன் டேமேஜ் பிரீமியத்தில் 2.5 சதவீதம், அதிகபட்சம் 500 ரூபாய் தள்ளுபடி உண்டு. நான் வாங்கியதற்கு அந்தச் சான்றிதழ் இல்லை. வாங்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

காம்பவுண்ட், பாலிஷ் 450 ரூபாயையும் சேர்த்து மொத்தம் 18,970. திருட்டில் போனதைவிட இரண்டாயிரம் அதிகம், ஆனால் அடுத்த தடவை போவது வண்டியாகவே இருந்திருக்கலாம்.

செலவில்லாத வேலையும் உண்டு. அசல் ஆர்.சி.யை வண்டியிலிருந்து எடுத்து வீட்டில் வைத்தேன், டிஜிலாக்கரிலோ எம்-பரிவாகனிலோ காட்டினால் செல்லும். இரண்டாவது சாவியை வண்டிக்குள் ஒளித்து வைக்கும் பழக்கத்தையும் விட்டாயிற்று. வண்டி களவு போய் க்ளெய்ம் கேட்டால் இன்சூரன்ஸில் முதல் தகவல் அறிக்கையோடு அசல் சாவி இரண்டையும் கேட்பார்கள்.

மாற்ற வேண்டியவை இருக்கின்றன. பெட்டியின் உயரத்தைக் கால் அடி குறைத்திருக்கலாம், இப்போது மேலே எச்.டி.பி.இ. பைப்பை நீட்டிப் போட இடம் இடிக்கிறது. பக்கவாட்டு எழுத்தை வினைலில் போட்டதும் பாதி வேலைதான். வெயில் வாங்கும் வலது பக்கம் இப்போதே நீலம் லேசாக வெளுத்திருக்கிறது. எட்டு வருஷம் தாண்டிய வண்டி, இனி வருஷா வருஷம் எஃப்.சி. அடுத்த எஃப்.சி.க்குப் போகும் முன் அந்த வினைலை உரித்துவிட்டு, பெயிண்டர் அண்ணனையே கூப்பிட்டு இரண்டு பக்கமும் பிரஷ்ஷில் எழுதி வாங்கப் போகிறேன். ஆடி மாதம் அவருக்கு வேலை குறைவு, அப்போது வருவதாகச் சொல்லியிருக்கிறார்.